மாப்பிள்ளையாக வந்த வாள்

எங்கள் ஊருக்கு ஒரு ராசா உண்டு, அவரைப் பார்த்தவர்கள்தான் யாரும் இல்லை. சாமக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் மேற்கே மலை தெரியும், மலைக்குக் கீழே அரண்மனை தெரியும், அரண்மனைக்கு மேலே புறாக்கள் சுற்றுவது தெரியும், அதற்கு உள்ளே ராசா இருக்கிறார் என்று அப்பா சொல்லி மகன் கேட்டு, அந்த மகன் அப்பாவாகித் தன் மகனுக்குச் சொல்லி, நாங்களும் அப்படியே கேட்டு வளர்ந்துவிட்டோம்.

ராசாவுக்குக் கல்யாணம் என்றால் ராசா வரமாட்டார், அவருடைய வாள்தான் வரும். எப்போதோ ஒரு ராசா முகூர்த்த நேரத்தில் சண்டைக்குப் புறப்பட வேண்டி வந்து, "என் வாளுக்கு மாலையைப் போடுங்கள், அது நான்தான்" என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறினாராம். அதற்குப் பிறகு சண்டையும் போயிற்று, குதிரையும் போயிற்று, வழக்கம் மட்டும் போகவில்லை.

பெண் எடுப்பது எங்கள் ஊரில்தான். வாளைப் பல்லக்கில் வைத்துத் தெருத்தெருவாகத் தூக்கி வருவார்கள், எந்த வீட்டு வாசலில் தூக்குகிறவர்களுக்குத் தோள் கனத்துக் கால் நகராமல் போகிறதோ அந்த வீட்டில் பெண். இந்தத் தடவை பல்லக்குத் தூக்க ஆள் கிடைக்கவில்லை. அதனால் குட்டியானை என்று நாங்கள் சொல்லும் சின்ன லோடு வண்டியில் பல்லக்கை ஏற்றி, வாழை கட்டி, மேளம் முன்னால் போக வந்தார்கள். வண்டி சைக்கிள் கடை முப்பிடாதி வீட்டு வாசலில் நின்றது. டிரைவர் சாவியைத் திருகினான், இறங்கி டீசல் பார்த்தான், படுத்து அடியில் பார்த்தான், எல்லாம் சரியாகத்தான் இருந்தது, வண்டிதான் நகரவில்லை. தெருப் பெண்கள் நாங்கள் எல்லோரும் சேர்ந்து குலவை போட்டோம். உள்ளே அடுப்பில் பால் வைத்திருந்த முப்பிடாதியின் மனைவி கோமு, அந்தக் குலவை தன் வீட்டுக்குத்தான் என்று தெரிந்ததும், பால் பொங்கி அடுப்பை அணைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கோமுவுக்கு மூத்தவன் கொம்பையா, மரக்கடையில் வேலை. அடுத்தவன் வேலு, திருப்பூரில் பனியன் கம்பெனியில். கடைக்குட்டி உலகம்மாள், உலகு என்று கூப்பிடுவோம், தென்காசியில் ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற பெண். அந்தி சாய்ந்ததும் கோமு அம்மன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, "கொம்பையா, வேலு, உலகு, எம் பிள்ளைகளைப் பாத்துக்கோ தாயே" என்பாள். அதற்கு மேல் அவளுக்கு மந்திரம் தெரியாது. அதற்கு மேல் கேட்கவும் அவளுக்கு ஒன்றும் இல்லை.

அவள் ஏன் பயந்தாள் என்று சொல்ல வேண்டும். அடுத்த வீட்டுச் சண்முகவடிவின் அக்காள்தான் முந்தின ராணி. கல்யாணமாகிப் போன பெண் பிறகு ஒரு தேரோட்டத்துக்குத்தான் வெளியே வந்தாள். பெற்ற தாய் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிப்போய்க் கையைப் பிடித்தபோது, ராணி கையை உருவாமல், கோபப்படாமல், நல்ல முகமாகவே, "ஒங்களுக்கு என்ன வேணும்மா?" என்று கேட்டு, ஒரு சேலை கொடுத்து அனுப்பினாள். அந்தத் தாய் சாகும்வரைக்கும் அந்தச் சேலையைப் பிரிக்கவில்லை. அதற்கு முந்தின ராணியும் அப்படித்தான், அதற்கு முந்தினவளும் அப்படித்தான். வாளுக்குக் கழுத்தை நீட்டின பெண்ணுக்குத் தாயைத் தெரியாமல் போய்விடும். "ராணின்னா அப்படித்தான இருக்கணும்? எல்லாரையும் ஒண்ணுபோல பாக்கணும்லா" என்று ஊரே அதைப் பெருமையாகச் சொல்லிப் பழகியிருந்தது.

"மாட்டேன்னு சொல்லிருவோமே" என்றாள் கோமு தன் புருஷனிடம்.

"வண்டி நின்ன பொறவு மாட்டேன்னு சொன்ன வீடு இந்த ஊர்ல உண்டா?" என்றார் முப்பிடாதி. "சொன்னா என்ன ஆகும்னு யாருக்காவது தெரியுமா? தெரியாதுல்லா. அதான் எனக்குப் பயமா இருக்கு."

உலகுதான் சிரித்தாள். "எம்மா, கத்திதான? குடிச்சிட்டு வராது, கைநீட்டி அடிக்காது, மாசக் கடைசியில எங்கழுத்துச் சங்கிலியக் கேக்காது. கடையில என்கூட நிக்கவளுக எல்லாரும் என்னயப் பாத்துப் பொறாமைப்படுதாளுவ."

"ஏட்டி, அது ஒன்ன என்னைய மறக்க வைக்கும்."

"ஒன்னையா? காலங்காத்தால நீ போடுத சத்தத்த மறக்க முடியுமாக்கும்?" என்று சொல்லித் தாயின் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். சொல்லும்போது சிரித்தாள்தான், ஆனால் அவள் கை தாயின் சேலைத் தலைப்பை ஒரு சுற்று சுற்றிப் பிடித்திருந்ததைச் சண்முகவடிவு பார்த்தாள்.

ஊருக்கு அந்தப் பயம் இல்லை, ஊருக்கு வேறு வேலை இருந்தது. இளவட்டங்கள் மாப்பிள்ளைக்கு ஃபிளெக்ஸ் வைக்கவேண்டும் என்று நடுவில் வாளின் படத்தையும் சுற்றி வட்டம் வட்டமாகத் தங்கள் தலைகளையும் போட்டு, பஸ் ஸ்டாண்டை மறைத்துக் கட்டினார்கள். டீக்கடையில் மாப்பிள்ளைக்கு மோதிரம் எங்கே போடுவது என்று வழக்கு நடந்தது. டீக்கடை அண்ணன் தம்பி இருவரில் அண்ணன் பிடியில் போடலாம் என்றார், தம்பி நுனியில் போடலாம் என்றார். டி.வி.க்காரர்கள் வந்து, "ராசா கல்யாணம் பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்று மைக்கை நீட்டினார்கள். எங்கள் தெருப் பெண்கள் தலையை ஒதுக்கிக்கொண்டு, "ரொம்ப சந்தோசம்" என்று ஆளுக்கு ஆள் சொன்னோம். அன்றைக்கு அது பொய்யும் இல்லை.

கல்யாணம் அம்மன் கோவில் முன்னால் பந்தலில் நடந்தது. பலகையில் பட்டு விரித்து வாளை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். உலகு மாலையை எடுத்துக்கொண்டு போனபோது வாள் அவளைவிட உயரமாக இருந்தது. அவள் எக்கினாள், எட்டவில்லை. அப்போது வாள் தலையைக் குனிந்து, கழுத்தை நீட்டி, மாலையை வாங்கிக்கொண்டு, மறுபடி நிமிர்ந்தது.

"மரியாத தெரிஞ்ச மாப்பிள்ள" என்றார் எனக்குப் பக்கத்தில் இருந்தவர். "பெரிய எடத்துப் புள்ளையில்லா" என்றார் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர். மேளம் கெட்டியாயிற்று, அரண்மனையிலிருந்து வந்த அம்மாள் ஒருத்தி தாலி முடிந்தாள், நாங்கள் குலவை போட்டோம். பந்தியில் வாளுக்கு முன்னால் தலைவாழை இலை போட்டார்கள், சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது, திரும்பிப் பார்ப்பதற்குள் இலை காலியாக இருந்தது. பரிமாறினவன் குனிந்து, "மாப்பிள்ளைக்கு ரசம் ஊத்தட்டுமா?" என்று கேட்டான். இலையை மடிக்கும்போது அது நட்டநடுவே இரண்டு துண்டாக, கோடு கிழித்ததுபோல அறுந்திருந்தது. அதையும் நாங்கள் பார்த்தோம், வெற்றிலை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

வழக்கப்படி மாப்பிள்ளை மூன்றாம் நாள் வரைக்கும் பெண் வீட்டில்தான் தங்க வேண்டும். முப்பிடாதி வீட்டு உள்ளறையில் கட்டிலில் மெத்தை போட்டு வாளைக் கிடத்தினார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அந்த வீட்டுக் கொடிக்கயிறு அறுந்து துணியெல்லாம் மண்ணில் விழுந்தது. பிறகு கன்றுக்குட்டியின் கயிறு அறுந்தது. அடுத்த வீட்டில் தொட்டில் சேலை அறுந்து, நல்லவேளை கீழே தலையணை கிடந்ததால், பிள்ளை அதில் விழுந்து தூக்கம் கலையாமல் கிடந்தது. மச்சினன் என்ற முறையில் மாப்பிள்ளைக்குப் பலகாரம் வைக்கப்போன கொம்பையா கதவைத் தாண்டும்போதே இடுப்பில் அரைஞாண் கயிறு அறுந்து, அதை நம்பி நின்ற வேட்டியும் அவிழ்ந்து, தட்டோடு வெளியே ஓடி வந்தவன் மரக்கடைக்குப் போனவன்தான், கூப்பிட்டனுப்பியும் வரவில்லை. பெண்கள் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

பிறகு, பெண்ணைப் பார்க்கப்போன மேலத்தெருக்காரி ஒருத்திக்கு, பேசிக்கொண்டிருக்கும்போதே கழுத்தில் மஞ்சள் கயிறு அறுந்து தாலி மடியில் விழுந்தது. அதற்கப்புறம் நாங்கள் சிரிக்கவில்லை. அவள் போட்ட சத்தம் கோவில் வரைக்கும் கேட்டது. பூசாரி புதுக் கயிறு கொடுத்து, எலுமிச்சம்பழம் கொடுத்து, விபூதி போட்டு அனுப்பினார். அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவன், அவனுக்குப் போன் போட்டு அவன் எடுக்கும்வரைக்கும் தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. "என்னட்டி, டீ குடிக்கேன்" என்றான் அவன். அதிலிருந்து முப்பிடாதி வீட்டைத் தாண்டுகிற சுமங்கலிகள் எல்லோரும் கழுத்தில் ஒரு கையை வைத்து மூடிக்கொண்டு தாண்டினோம். தண்ணீர்க் குடத்தை ஒரு கையால் தூக்கப் பழகினோம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வேறு தெரு வழியாக அனுப்பினோம்.

அறுந்தது கயிறு மட்டும் இல்லை என்று மெல்லத்தான் தெரிந்தது. டீக்கடை அண்ணனும் தம்பியும் முப்பிடாதி வீட்டுக்கு டீ கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்கள், வந்தவர்கள் பெஞ்சை நடுவில் ரம்பத்தால் அறுத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். சண்டை ஒன்றும் இல்லை. என்ன அண்ணாச்சி என்று கேட்டால், "அந்த ஆளு யாரு? முகம் பாத்தாப்புல இருக்கு" என்றார் அண்ணன், தம்பியைக் காட்டி. முப்பிடாதியின் சைக்கிள் கடை நாய் முப்பிடாதியைப் பார்த்துக் குரைத்தது.

எங்கள் ஊர் எதற்கும் பழகிக்கொள்ளும். வாள் எதை அறுக்கிறது என்று தெரிந்ததும், அறுக்க வேண்டியதை வைத்திருந்தவர்கள் வரிசையாக வர ஆரம்பித்தார்கள். மருமகளோடு ஒத்துப்போகாத மாமியார் வந்தாள், அதே நேரத்தில் பின்வாசல் வழியாக அந்த மருமகளும் வந்தாள். புருஷன் குடியை அறுக்கவேண்டும் என்று ஒருத்தி அவனை இழுத்து வந்து வாசலில் நிறுத்தினாள். அவன் அன்றைக்கே குடியை விட்டான், கூடவே வீட்டையும் விட்டான், யார் வீட்டுக்கோ வந்த விருந்தாளி மாதிரி பிள்ளையார் கோவில் படியில் உட்கார்ந்திருந்தான். வாசலில் ஒருவன் சுண்டல் விற்றான். யாரும் வாளைக் குறை சொல்லவில்லை. "அது வேணும்னா செய்யுது? அது பக்கத்துல வச்சா அறும், அவ்வளவுதான்" என்று எல்லோரும் சொன்னோம். சொல்லிக்கொண்டே எல்லோரும் கழுத்தைப் பிடித்துக்கொண்டோம்.

உலகு இரண்டு நாளும் அந்த வாள் கிடந்த அறையில்தான் இருந்தாள். இரண்டாம் நாள் கோமு காப்பி கொண்டுபோய்க் கொடுத்தபோது வாங்கிக் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு, யாரு போட்டது?" என்று கேட்டாள். கேட்டவுடனே கண் விரிந்து, "எம்மா!" என்று தாயின் மணிக்கட்டைப் பிடித்தாள். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை.

அரண்மனைக் காரியஸ்தர் மறுநாள் புறப்பாட்டுக்கு ஏற்பாடு சொல்ல வந்தார். வழக்கம் இதுதான்: காலையில் மாப்பிள்ளைக்கு எண்ணெய்க் குளியல், பிறகு தலைவாசல் நிலையில் இரண்டு பேர் வாளைக் குறுக்கே உயர்த்திப் பிடிப்பார்கள், பெண் அதன் அடியில் நுழைந்து தெருவுக்கு வரவேண்டும், தாய் வாசலுக்கு உள்ளேயே நிற்க வேண்டும். கோமு கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

"அய்யா, ஆடி மாசம் எம்மகளை அழைச்சிட்டு வரலாமா? ஆடிக்குப் பிள்ளைய அழைக்கது எல்லா வீட்லயும் உள்ளதுதான?"

"அழைக்கலாமே, ராணி வந்தா வரட்டும்" என்றார் காரியஸ்தர், கனிவாகத்தான். "ஆனா எந்த ராணியும் இதுவரைக்கும் வரலை தாயி. வழி மறந்துருது."

மாப்பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பது மச்சினன் வேலை. கொம்பையா வரவில்லை, வேலுவுக்கு லீவு கிடைக்கவில்லை, சொந்தக்காரப் பையன்கள் ஒவ்வொருவருக்கும் அன்றைக்கென்று பார்த்துக் காய்ச்சல் வந்தது. மாமியார் மருமகன் முன்னால் வந்து நிற்பது எங்கள் பக்கம் வழக்கமே இல்லை, எந்த ராணியின் தாயும் வாளைப் பக்கத்தில் பார்த்ததுகூடக் கிடையாது. நேரமாகிக்கொண்டே இருந்தது. கோமு அம்மன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள், நல்லெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். வெந்நீர் கொண்டுபோன சண்முகவடிவு கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டதால்தான் இது எங்களுக்குத் தெரியும்.

வாளைப் பலகையில் கிடத்தி, துணியில் எண்ணெய் தொட்டுத் தடவினாள் கோமு. துணி இரண்டாக விழுந்தது. வேறு துணி எடுத்தாள், அதுவும் விழுந்தது. பிறகு வெறும் உள்ளங்கையால் தடவினாள். குளிர்ந்திருக்கும் என்று நினைத்துத் தொட்டவளுக்கு, காய்ச்சல் கண்ட பிள்ளையின் முதுகுபோல அது கொதித்தது. பிடியும் அலகும் சேருகிற இடத்தில் கருப்பாகத் துரு ஏறிக் கிடந்தது.

"மாப்பிள்ள, ஒங்களுக்கு இத்தன வருசமா ஒருத்தரும் ஒழுங்கா எண்ணெ தேய்க்கலையா? பயந்துக்கிட்டே தடவிட்டுப் போயிருக்கானுவ" என்றாள். துருவைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். கையில் ரத்தம் கசிந்து எண்ணெயோடு கலந்தது. கை நிற்கவில்லை.

"நான் ஒங்க முன்னால நிக்கக்கூடாது, பேசக்கூடாது, பொறுத்துக்கிடுங்க. அறுக்கது ஒங்க குணம், அதக் குத்தம்னு நான் சொல்லல. ஆனா கயித்துக்கு ரெண்டு மொன உண்டு. அவ மொனையில அறுக்காதீங்க. எம் மொனையில அறுத்துக்கிடுங்க."

கிண்ணத்தில் மிச்சமிருந்த எண்ணெயையும் ஊற்றித் தேய்த்தாள்.

"அவ போற எடத்துல அவளுக்கு ஒருத்தரையும் தெரியாது. எங்கருந்து வந்தோம்னும் தெரியலன்னா, ஒரு கஷ்டம்னா எங்க திரும்பி வருவா? நான் எங்கயும் போகப்போறது இல்ல. எனக்கு வீடு இருக்கு, தெரு இருக்கு, எம் புருஷன் இருக்காவ, ரெண்டு பயலுக இருக்கானுவ, அம்மன் இருக்கா. எனக்கு மறந்தா நான் தொலைஞ்சு போகமாட்டேன். அவளுக்கு வழி தெரியணும். அது போதும்."

சண்முகவடிவு கதவிடுக்கில் பார்த்தாள். பந்தலில் மாலை வாங்கக் குனிந்ததே, அதேபோல வாள் தலையைக் குனிந்தது. கோமு அதன்மேல் வெந்நீரை மெல்ல ஊற்றினாள், தலை துவட்டுவதுபோலத் துவட்டினாள், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே வந்தவள் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துத் தலை சீவிப் பூ வைத்தாள். வைத்த பூவைச் சரியில்லை என்று எடுத்தாள், மறுபடி வைத்தாள். மகள் முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதாது என்பதுபோல, குங்குமம் வைக்கும் சாக்கில் பார்த்தாள், கண்மை சரிசெய்யும் சாக்கில் பார்த்தாள்.

தெரு நிறையக் கூட்டம். சுமங்கலிகள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தள்ளித்தான் நின்றோம். காரியஸ்தரும் இன்னொருவரும் நிலைக்குக் குறுக்கே வாளை உயர்த்திப் பிடித்தார்கள், கூர் கீழே பார்த்திருந்தது. மேளம் நின்றது. உலகு கண்ணை மூடிக்கொண்டு, "எம்மா, எம்மா, எம்மா" என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே, மறந்துபோவதற்கு முன்னால் எத்தனை தடவை சொல்ல முடியுமோ அத்தனை தடவை சொல்லிக்கொண்டே அடியில் நுழைந்தாள். பிடித்திருந்தவர்களின் கையில் வாள் தானாகப் புரண்டது. கூர் வீட்டுப் பக்கம் திரும்பியது. "ஏ, பிடி பிடி" என்றார் காரியஸ்தர். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. ஒரு சத்தமும் இல்லை.

உலகு தெருவில் நின்று கண்ணைத் திறந்தாள், தன்னையே தடவிப் பார்ப்பதுபோல ஒரு நிமிஷம் நின்றாள், பிறகு எந்த ராணியும் செய்யாததைச் செய்தாள், திரும்பிப் பார்த்தாள்.

"எம்மா! எனக்குத் தெரியுது! எம்மா, நீ கோமு, எங்கம்மா, எனக்கு எல்லாம் தெரியுது!"

கையில் ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு உள்ளே நின்ற கோமு, அக்கம்பக்கம் பார்த்தாள், அந்தப் பெண் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று தெரிந்து, கூச்சத்தோடு சிரித்தாள்.

"நல்லா இருங்கம்மா. நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?" என்றாள்.

ஊரில் ஒருவரும் குலவை போடவில்லை. போடச் சொல்லி மேளக்காரர் கையைக் காட்டினார், நாங்கள் கழுத்தில் வைத்த கையை எடுக்கவில்லை.

அதற்கும் பழகிக்கொண்டோம். ஆடி பிறந்ததும் அரண்மனைக் கார் வந்தது, சாமக்கோட்டையில் முதல் தடவையாக ஒரு ராணி ஆடிக்குத் தாய்வீடு வந்தாள். ஃபிளெக்ஸ் வைத்தார்கள். டி.வி.க்காரர்கள் மறுபடியும் வந்து மைக்கை நீட்டினார்கள், பெண் பிள்ளை வைத்திருந்த தாய்மார்கள் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. இப்போதெல்லாம் தெருவில் ஒரு லோடு வண்டி வேகம் குறைத்தால் போதும், தேங்காய் இறக்கவோ சிலிண்டர் இறக்கவோ வந்ததாக இருந்தாலும், எந்த முனையில், எந்த முனையில் என்று எங்கள் அடிவயிறு கேட்க ஆரம்பித்துவிடுகிறது. முன்னெல்லாம் அறுக்கிறதை அது அறுக்கும், நாம் அழலாம். இப்போது நம் முனையில் அறுக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம் என்று தெரிந்துவிட்டதே.

கோமு ராணிக்குப் பாய் விரித்தாள், மோர் கொடுத்தாள். "இந்த வெயில்ல இம்புட்டுத் தூரம் வந்திருக்கிய. ஒங்கம்மா சொகமா இருக்காவளா?"

"இருக்காவ" என்றாள் உலகு.

"கொடுத்து வச்சவ" என்றாள் கோமு.

பேசிக்கொண்டே அந்தி சாய்ந்தது. கோமு எழுந்து முகம் கழுவி, அம்மன் படத்துக்கு முன்னால் விளக்கை வைத்துத் திரியை இழுத்துவிட்டாள். "கொம்பையா, வேலு..." என்றவள் நின்றாள். உதடு அசைந்தது, சொல் வரவில்லை. அன்றாடம் அந்த இடத்தில் அவள் அப்படித்தான் நிற்கிறாள் என்று முப்பிடாதி எங்களிடம் சொல்லியிருந்தார். "இன்னும் ஒரு பேரு உண்டு தாயே, அது ஒனக்குத் தெரியும்" என்று சொல்லி முடித்துவிடுவாளாம்.

"உலகு" என்றாள் பின்னால் பாயில் உட்கார்ந்திருந்த பெண்.

கோமு திரும்பினாள், முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "ஆங், அதேதான்! நாக்கு நுனியிலயே நின்னுச்சு. ஒங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

வாசலில் கார் நின்றிருந்தது, பின் இருக்கையில் பட்டு விரிப்பின்மேல் வாள் கிடந்தது, எங்கள் கைகள் எங்கள் கழுத்தில் இருந்தன. உள்ளே கோமு விளக்கைத் தூண்டி, ஒன்றும் விட்டுப்போகாமல் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "கொம்பையா, வேலு, உலகு. எம் பிள்ளைகளைப் பாத்துக்கோ தாயே." சொல்லிவிட்டு, வந்த விருந்தாளிக்கும் ஒரு கீற்று விபூதி பூசிவிட்டாள்.